ஒரு மணி பத்து நிமிடத் தூரம்

அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கைப்பேசியைத் தட்டிப் பார்க்கிறவர்கள், வானத்தில் நேர்கோடு போட்டால் அறுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம் என்பார்கள். துணைக்காரியின் கணவரைக் கேட்டால் சிரிப்பார். அந்தத் தடத்திலேயே பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். நடுவில் மலை இருக்கிறது, சாலை அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. "காக்காய்க்கு அறுநூறு, மனுஷனுக்கு எண்ணூத்தம்பது" என்பது அவர் கணக்கு. துணைக்காரியைக் கேட்டால் கிலோமீட்டரைப் பற்றியே பேச மாட்டாள். "ஏழு மணி நேரம்" என்று ஒரே போடாகப் போடுவாள்.

துணைக்காரி என்பது விமான நிலையத்தில் அவளுக்கு விழுந்த பெயர். தனியாகப் பயணம் செய்ய முடியாத வயதானவர்களையும் நோயாளிகளையும் கூட்டிக்கொண்டு போய் மறு ஊரில் சேர்த்துவிட்டுத் திரும்புவது அவள் தொழில். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக வேலை பார்த்தாள். படுத்திருப்பவரைப் புரட்டுவது, முதுகு வலிக்காமல் தூக்குவது, புரையேறாமல் ஊட்டுவது எல்லாம் அங்கே கற்றது. ஒருநாள் வீடு திரும்பவிருந்த நோயாளி ஒருவர், துணைக்கு அவள் வந்தால்தான் விமானம் ஏறுவேன் என்று அடம்பிடித்தார். போனாள், சேர்த்தாள், மாலையே திரும்பிவிட்டாள். அடுத்த வாரம் அவருடைய மைத்துனர் கூப்பிட்டார். அப்புறம் அந்த மைத்துனரின் பக்கத்து வீட்டுக்காரர். வாய்வழியாகப் பரவிய தொழில் அது.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. எந்த ஜன்னலைத் திறந்தாலும் ரப்பர் வாசனை. கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அவள் பயணப் பை தொங்கும். மாற்றுத் துணி, துண்டு, ரப்பர் விரிப்பு, கையுறை, வாந்திப் பை, உப்புச் சர்க்கரைப் பொடி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, மூடி போட்ட சிறுநீர்ப் பாட்டில் என்று அதில் ஒரு சின்ன வார்டே இருக்கும். கணவர் அதைப் பார்க்கும்போதெல்லாம் சும்மா இருக்க மாட்டார்.

"ஒரு ஆளை ஏத்திட்டுப் போக இவ்வளவு சாமானா? நான் அம்பது பேரை ஒரே ஒரு ஸ்டெப்னியோட கூட்டிட்டுப் போயிருக்கேன்."

"அந்த அம்பது பேர்ல எத்தனை பேரு வண்டியை நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்தினாங்க? நீங்க எத்தனை தடவை நிறுத்தினீங்க?"

அவர் தேநீர் போடப் போய்விடுவார்.

அப்படி இருந்தவளுக்கு ஒருநாள் மத்தியானம் ஒரு மகன் போன் செய்தார். அவருடைய அத்தை மறு ஊரில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நாளைக்குச் சாயங்காலம் அறுவை சிகிச்சைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அத்தையோ தம்பி முகத்தைப் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதாவது, நிற்க முடிந்தால் நிற்பாள். நாளைய இடம் போனால் அடுத்தது நாலைந்து நாள் கழித்துத்தான். தம்பிக்கு, அதாவது அந்த மகனின் அப்பாவுக்கு, எழுபத்தொன்பது வயது. இதுவரை விமானம் ஏறியதில்லை. மகனுக்கு வேலையில் நகர முடியாத நிலை. கூட்டிக்கொண்டு போக முடியுமா?

எண்பத்து மூன்று வயதான அந்த அக்கா உடைந்த இடுப்போடு நாலு நாள் அசையாமல் படுத்தால் என்ன ஆகும் என்று துணைக்காரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும். ஒத்துக்கொண்டாள். அன்று மாலையே பெரியவரைப் பார்க்கப் போனாள். முன்பின் பார்க்காத ஆளை விமானத்தில் ஏற்றுவதில்லை என்பது அவள் வழக்கம்.

மூன்றாவது மாடியில் வீடு. பெரியவர் நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிப்ட் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். வாழ்நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போனவர், பக்கவாட்டில் போனதே இல்லை என்று மகன் சொன்னார். பெரியவரும் அதற்குச் சிரித்தார். வீட்டு வேடிக்கை போலிருக்கிறது.

அக்காவும் தம்பியும் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறதாம். சண்டை எதுவும் இல்லை. தினமும் போனில் பேசுவார்கள், பேசும்போது தினமும் சண்டை போடுவார்கள், அது வேறு. பக்கத்து ஊர் மாதிரிதானே, ஒரு மணி நேரம்தானே, எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்றே வருடங்கள் ஓடிவிட்டன. கிணற்றுத் தண்ணீரை வெள்ளமா கொண்டு போகும் என்று இருந்துவிட்டார்கள். கடல் தாண்டிய ஊராக இருந்தால் இதற்குள் நான்கு தடவை போய் வந்திருப்பார்கள்.

"ஒரு மணி நேரம்தானே? ஏறினா இறங்கிடலாம். அப்பாவுக்கு ஒண்ணும் சிரமம் இருக்காதுல்ல?" என்று மகன் கேட்டார்.

இந்த ஒரு மணி நேரம்தானே என்ற பேச்சைக் கேட்டாலே துணைக்காரிக்கு நாக்கு நமநமவென்று அரிக்கும். அவள் விரல் மடக்கிச் சொன்னாள். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். பை போட, சோதனை முடிக்க, காத்திருக்க இரண்டரை. ஏறி உட்கார்ந்து கதவு அடைக்க அரை. பறப்பது ஒரு மணி பத்து நிமிடம். சக்கர நாற்காலிக்காரர்கள் கடைசியில்தான் இறங்க முடியும். அப்புறம் பை, கார், ஊர் நெரிசல். எல்லாம் கூட்டி ஏழு மணி நேரம். வருபவர்களை முதலிலேயே தயார்ப்படுத்திவிட வேண்டும், பொய் நம்பிக்கை கொடுத்துக் கூட்டிப் போனால் நடுவழியில் கலைந்துபோவார்கள் என்பது அவள் கொள்கை.

பெரியவர் "ஏழு மணி நேரமா" என்று ஒருமுறை கேட்டார். மருமகள் கொண்டுவந்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

துணைக்காரி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஆளுக்கு உயரம் என்றால் பயம் என்று முடிவு கட்டினாள். விமானம் எவ்வளவு பத்திரமானது, மேகத்துக்குள் போனால் ஏன் குலுங்கும் என்றெல்லாம் எடுத்துச் சொன்னாள். பெரியவரும் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கட்டடத்தின் உச்சிக்கும் அடிக்கும் ஒரு நாளைக்கு நூறு தடவை போய்வந்தவருக்கு உயரத்தில் என்ன பயம் இருக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும்.

மறுநாள் காலை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தேநீர் குடித்தாயிற்றா என்று கேட்டாள். "ஆச்சும்மா" என்றார். மாத்திரை? "ஆச்சும்மா." காரில் வழி முழுக்க அக்காவைப் பற்றியே பேசினார். சின்ன வயதில் தெருவில் எல்லோரும் அவளை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்ததும், தன்னை ஒருவர் தள்ளிக்கொண்டு போவது இதுதான் முதல் தடவை என்று கூச்சப்பட்டார். சோதனை முடிந்தது. ஏறும் வாசல் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். நேரம் நிறைய இருந்தது.

அங்கே வைத்துத்தான், கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை எடுக்க எழுந்தவர், அப்படியே சாய்ந்தார். துணைக்காரியின் கை முந்திக்கொண்டது. கீழே விழாமல் நாற்காலியிலேயே இறக்கினாள். முகம் வெளுத்திருந்தது. கண் சொருகித் திரும்ப வந்தது.

சீருடை போட்ட வாசல் பெண் ஓடி வந்தாள். நல்ல பெண்தான். ஆனால் அவளுக்கு ஒரு விதி உண்டு. மயங்கியவரை டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் ஏற்ற முடியாது. அடுத்த விமானம் இரவில்தான். அதில் போனால் அறுவை சிகிச்சை அறை வேறொருவருக்குப் போய்விடும்.

விமான நிலைய டாக்டரின் அறை பக்கத்திலேயே இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் நின்றுபோன கடிகாரம். டாக்டர் இளவயதுக்காரர். ரத்த அழுத்தம் பார்த்தார், இறங்கியிருந்தது. இதயத் துடிப்பைப் படம் எடுத்தார், அதில் குறை இல்லை. "வேற என்னன்னு பாக்கணும்" என்றார். அதற்குள் துணைக்காரி பெரியவரின் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தாள். உப்புக் காகிதம் மாதிரி இருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கினாள். தூக்கின இடத்திலேயே கூடாரம் போட்டு நின்றது. டாக்டரும் அதைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"ஐயா, கடைசியா எப்போ தண்ணி குடிச்சீங்க?"

பெரியவர் கூரையைப் பார்த்தார்.

"ஐயா."

"நேத்து நீ வந்துட்டுப் போனதுக்கு முன்னாடி" என்றார்.

"காலைல தேநீர் ஆச்சுன்னீங்க?"

"ஆச்சு. செடிக்கு."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். துணைக்காரிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். பெரியவர் மெதுவாகச் சொன்னார். லிப்ட் வேலை எட்டு மணி நேர ஷிப்ட். மாற்று ஆள் கிடையாது. பெட்டியை விட்டு வெளியே வந்தால் கீழே பத்துப் பேர் மணி அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் வேலைக்குப் போகிற நாளில் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். அந்தக் கட்டடத்தில் எல்லா லிப்ட்காரர்களும் அப்படித்தான். இப்போது வயசாகி, மூத்திரப் பையும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அரை மணிக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கிறது. மருமகள் எதிரில் அதையெல்லாம் எப்படிக் கேட்பது?

"நீதானம்மா ஏழு மணி நேரம்னு சொன்னே. ஷிப்டை விட ஒரு மணி நேரம் கம்மிதானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடலாம்னு நினைச்சேன்."

ஒரு மணி நேரம்தானே என்று மகன் சொன்ன அசட்டுக் கணக்கை மட்டும் கேட்டிருந்தால் இந்த மனிதர் காலையில் இரண்டு டம்ளர் தேநீர் குடித்துவிட்டு உற்சாகமாக வந்திருப்பார். துணைக்காரி உண்மையைப் பிட்டுப் பிட்டு வைத்ததால் காய்ந்து கிடக்கிறார். வருத்தப்பட உட்கார்ந்தால் விமானம் நிற்குமா? பையைத் திறந்து உப்புச் சர்க்கரைப் பொடியை எடுத்தாள். டாக்டர் தலையசைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கால்மாட்டில் இரண்டு தலையணையை வைத்துக் காலை உயர்த்தினார்கள்.

"குடிங்க ஐயா."

"மாட்டேன்."

"குடிச்சாதான் ஏத்துவாங்க."

"குடிச்சா மேல போனப்புறம் என்ன பண்றது? எல்லாரும் பாக்க எந்திரிச்சு எந்திரிச்சு ஓடவா?"

அப்போது பெரியவரின் போன் அடித்தது. அக்கா. கட்டிலில் படுத்திருக்கிற குரலாக இல்லை அது, வாசலில் நின்று கூப்பிடுகிற குரல். பெரியவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்ததால் அறை முழுக்கக் கேட்டது. ஏறிட்டியா, இன்னும் ஏறலையா, ஏன் குரல் இப்படி இருக்கு? தண்ணி குடிக்கலை, மயங்கிட்டேன் என்று தம்பி ஒப்புக்கொண்டார்.

"டேய், ஆபரேஷன்னு சொல்லி இங்க எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க மாட்டேங்கறாங்க. குடிக்கலாம்னு சொல்ற இடத்துல நீ குடிக்க மாட்டேங்கறியா? வந்தேன்னா பிச்சுடுவேன்."

"நீ எங்கக்கா வர்றது? உன்னாலதான் எந்திரிக்க முடியாதே."

"அதான் நீ வா. வந்து வாங்கிக்கோ."

போன் வைக்கப்பட்டது. பெரியவர் சிரித்தார், ஆனால் டம்ளரைத் தொடவில்லை. துணைக்காரி நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். இந்தமுறை மணிக்கணக்கைத் தொடவே இல்லை.

"ஐயா, கேளுங்க. இந்த அறைக்கு வெளியே இடது கைப்பக்கம் ஒரு பாத்ரூம். கிளம்பறதுக்கு முன்னாடி அங்க போறோம். பிளேன்ல நம்ம சீட்டு கடைசி வரிசை, பின்னாடியே பாத்ரூம். கையை நீட்டினா கதவு. நீங்க நடைபாதை ஓரம், யாரையும் தாண்ட வேண்டாம். கிளம்பறப்ப கொஞ்ச நேரம் பெல்ட்டைப் போட்டுட்டு உக்காரணும். இறங்கறப்ப இன்னொரு தடவை. ஒவ்வொண்ணும் நீங்க வீட்ல காலைல பேப்பர் படிக்கிற நேரம்கூட இல்ல. இறங்கின உடனே ஒரு பாத்ரூம். ஆஸ்பத்திரி வாசல்ல ஒண்ணு."

"நடுவுல கார்?"

அவள் பையிலிருந்து மூடி போட்ட பாட்டிலையும் பெரிய துண்டையும் எடுத்து மடியில் வைத்தாள்.

"காருக்கு இது."

"டிரைவர் பாக்க மாட்டானா?"

"அவன் ரோட்டைப் பாக்கட்டும்."

பெரியவர் பாட்டிலைப் பார்த்தார். துண்டின் நீள அகலத்தைக் கையால் அளந்து பார்த்தார். பிறகு டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். அப்புறம் இன்னொரு வாய். சின்னச் சின்ன மிடறாக, அவசரமில்லாமல், அவள் சொன்னபடியே குடித்தார். வாசல் பெண் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். மற்ற பயணிகள் எல்லோரும் ஏறியாயிற்று. டாக்டர் மறுபடி அழுத்தம் பார்த்தார், உட்கார வைத்துப் பார்த்தார், நிற்க வைத்துப் பார்த்தார். "போகலாம். துணைக்கு இவங்க இருக்கறதால எழுதித் தரேன்" என்று கையெழுத்துப் போட்டார். துணைக்காரி சொன்ன வார்த்தை மாறாமல் முதலில் இடது கைப்பக்கம் கூட்டிப் போனாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசல் பெண்ணும் வெளியே நின்றாள்.

நடக்க முடியாதவர்களை விமானத்தின் கதவுவரை தூக்கிக்கொண்டு போக, லாரி மேல் ஒரு அறையை வைத்த மாதிரி ஒரு வண்டி உண்டு. உள்ளே தள்ளிவிட்டுக் கதவை மூடினால் அறை அப்படியே மேலே ஏறும். அதுவரை சோர்ந்து உட்கார்ந்திருந்த பெரியவர், தரை அசைந்ததும் நிமிர்ந்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது. எவ்வளவு எடை தாங்கும், தூக்குவது கம்பியா எண்ணெய் அழுத்தமா என்று வண்டிக்காரரிடம் கேட்டார். விமானத்தின் வாசற்படிக்கும் அறையின் தரைக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லாமல் அந்த ஆள் நிறுத்தியதைக் குனிந்து பார்த்தார்.

"நல்ல கை தம்பி உனக்கு. படி தட்டாம நிறுத்தறவன் நூத்துக்கு ஒருத்தன்" என்றார். வண்டிக்காரருக்கு அன்று முழுக்க அது போதும்.

பறந்த கதையைச் சொல்ல அதிகமில்லை. பெரியவர் ஒரு தடவை பின்னால் போனார். இரண்டாவது தடவை போக அவசியமே இல்லை, ஆனாலும் கதவு அங்கேயே இருக்கிறதா என்று சரிபார்க்கப் போய்வந்தார். காரில் பாட்டில் தேவைப்படவில்லை. கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி அவசரம் அடங்கிவிடும்.

ஆஸ்பத்திரியில் அக்காவைத் தள்ளுகட்டிலில் ஏற்றித் தயாராக வைத்திருந்தார்கள். நர்ஸ் கையில் கையெழுத்துத் தாளும் பேனாவும். பெரியவர் கட்டில் பக்கம் போய் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு மணி நேர தூரத்தைக் கடக்க உனக்குப் பதினோரு வருஷமாடா?"

"நீ மட்டும் என்ன, அதே தூரம்தானே உனக்கும்?"

அக்கா யோசித்தாள். பதில் சரியாகத்தான் இருந்தது. அதனால் பேச்சை மாற்றினாள். "தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"இன்னும் ஒரு டம்ளர் குடி. நான் பாக்கணும்."

துணைக்காரி ஊற்றிக் கொடுத்தாள். பெரியவர் அக்கா எதிரில் நின்று, வறண்ட உதட்டோடு அவள் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டுவரை குடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். அக்கா நர்ஸ் பக்கம் கையை நீட்டினாள்.

"குடு. எங்க போடணும்?"

தள்ளுகட்டிலை லிப்டுக்குள் தள்ளினார்கள். உள்ளே ஆபரேட்டர் யாரும் இல்லை, பொத்தான்தான். பெரியவர் எட்டி, இரண்டாம் மாடிப் பொத்தானைத் தானே அழுத்திவிட்டு வெளியே வந்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்த பிறகுதான் துணைக்காரி கிளம்பினாள். வீட்டுக்கு வந்ததும் நடந்ததைக் கணவரிடம் சொன்னாள். பஸ்ஸை நிறுத்தாத கதையை அவள் எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருக்கிறாள்! திருப்பிக் கொடுக்க நல்ல சமயம். ஆனால் அவர் அதைச் செய்யவில்லை. தேநீரை நீட்டி, "செடிக்கு ஊத்தாம நீயே குடி" என்று மட்டும் சொன்னார்.

பெரியவர் ஒரு வாரத்தில் திரும்புவதாக ஏற்பாடு. திரும்பவில்லை. கூட்டிவர நாள் குறிக்கலாமா என்று துணைக்காரி போன் செய்தபோது, தம்பிக்கு நேரமில்லை என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. அக்காவுக்கு நடைப்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நடக்க வேண்டும். வலியில் அக்கா நடுவில் நின்றுவிடுகிறாளாம். அதனால் பெரியவர் முன்னால் நின்று மாடி எண் சொல்கிறார். நாற்காலி வந்தால் முதல் மாடி, ஜன்னல் வந்தால் இரண்டாம் மாடி.

"எவ்வளவு தூரம் ஐயா, கட்டில்லேருந்து?"

"நாலு மாடிம்மா. நேத்து மூணாவதுலயே இறங்கிட்டா. இன்னிக்கு விட மாட்டேன். இரு, வர்றா, வர்றா…"

போனைக் கீழே வைத்துவிட்டார் போலிருக்கிறது, இணைப்பை அறுக்கவில்லை. ஊன்றுகோல் தரையில் தட்டும் ஓசையும், அக்கா தம்பியைத் திட்டும் ஓசையும் மாறி மாறிக் கேட்டன. துணைக்காரி போனைக் காதோடு பிடித்தபடி காத்திருந்தாள். கடைசியில் ஒரு கதவு திறக்கும் சத்தம் வந்தது. பழைய வேலைக்குரலில், நீட்டி, நிதானமாக, பெரியவர் அறிவித்தார்.

"நாலாவது மாடி. பாத்து இறங்குங்க."